புதுக் கோச் வந்தா கப்பு வந்துருமா?

போன மாதம் சுவர்ப் பத்திரிகையில் நெகிழிப் பை பற்றி எழுதினேன். நல்லா இருந்ததுன்னு தமிழ் ஐயா சொன்னாங்க. இந்த மாதம் கபடி பற்றி எழுதுகிறேன். "பொம்பளப் பிள்ளைக்குக் கபடியில என்ன கருத்து?" என்று கேட்கிறவர்கள் முழுசாப் படிச்சிட்டு என்னிடம் வந்து கேட்கவும்.

நம்ம வகுப்புப் பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசுவது ஒன்றுதான். "தமிழ் தலைவாஸ் ஏன் ஜெயிக்க மாட்டேங்குது? கோச்சு சரியில்லப்பா. தூக்கிட்டு வேற ஆள் போட்டா சரியாயிரும்." இதை நான் ஆறேழு தடவை கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதில் என் தப்பும் ஒன்று இருக்கு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. நம்ம தமிழ் தலைவாஸ் அதில் சேர்ந்தது 2017-ல், அது ஐந்தாவது சீசன். அஜய் தாக்கூர் கேப்டன். அந்த வருஷம் அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள், நம்ம பிரிவில் நாம்தான் கடைசி. 2018-ல் எடச்சேரி பாஸ்கரன் கோச். இவர் 2015-ல் யு மும்பாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், சாதாரண ஆள் இல்லை. அப்பவும் பிரிவில் கடைசி. 2019-ல் சீசன் பாதியிலேயே அவர் விலகிப் போனார், உதயகுமார் வந்தார். 12 அணிகளில் 12-வது இடம். அடுத்த சீசனில் 11-வது.

2022-ல் நடந்ததைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏன்னா பையன்கள் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க.

அந்த வருஷம் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அதுவரைக்கும் கபடியில் யாருக்கும் அவ்வளவு விலை இல்லை. எங்க சித்தப்பா வீட்டு டி.வி.யில்தான் நாங்கள் எல்லாரும் பார்ப்போம். நான் அப்போ சின்ன வகுப்பு. முதல் ஆட்டம் குஜராத்தோடு. பவன் பாடிப் போறதில் மன்னன், ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கமிருந்து ரெய்டுக்கு வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. சித்தப்பா டி.வி.யை அணைத்துவிட்டு, "ரெண்டு கோடியே இருபத்தாறு லட்சம் கட்டில்ல படுத்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போய்விட்டார்.

தோற்றுக்கொண்டே இருந்தோம். சீசன் நடுவில் உதயகுமார் போய் அஷன் குமார் கோச்சாக வந்தார். அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நரேந்தர் என்கிற பையன், அதுதான் அவருக்கு முதல் சீசன், 243 ரெய்டு பாயிண்ட் எடுத்தார். சாகர், சாஹில் குலியா, அபிஷேக் எல்லாம் சேர்ந்து பிடி பிடின்னு பிடித்தார்கள். முதல் முறையாக நாம் பிளே ஆஃப் போனோம். யு.பி. யோத்தாஸோடு 36-36 சமன் ஆகி, டை பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தோம். அந்த ராத்திரி எங்க தெருவில் வெடி போட்டார்கள். மார்கழிக்கு முன்னாடியே தீபாவளியான்னு அப்பத்தா கேட்டுச்சு. அரையிறுதியில் புனேயிடம் 37-39. இரண்டே பாயிண்ட். நான் அழுதேன், சொல்ல வெட்கம் இல்லை.

"பார்த்தியா, கோச்சை மாத்துனதும் அரையிறுதி!" என்கிறார்கள் பையன்கள். சரி, ஒத்துக்கிறேன். மாற்றம் அந்த வருஷம் பலன் கொடுத்தது உண்மைதான், அதை மறைத்து எழுத எனக்கு மனசு இல்லை. ஆனால் அதுக்கு அடுத்த வருஷம் என்ன ஆச்சு என்று கேட்டால் பேச்சை மாத்துறாங்க. அதே அஷன் குமார், 2023-24 சீசனில் ஒன்பதாவது இடம். உடனே அவரும் இல்லை. 2024-ல் யார் வந்தார் தெரியுமா? அதே உதயகுமார்! கூடவே யுக்தி சொல்லிக் கொடுக்க நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கியவர் அவர். 2 கோடியே 15 லட்சத்துக்கு சச்சின் தன்வரை எடுத்தார்கள். முடிவு? மறுபடியும் ஒன்பது.

2025-ல் சஞ்சீவ் பாலியான் புதுக் கோச்சாக வந்தார். ஜெய்ப்பூரில் அவரிடம் வளர்ந்த அர்ஜுன் தேஷ்வாலையும் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். பவனும் திரும்ப வந்து கேப்டன் ஆனார். எங்க சித்தப்பா, "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று தேங்காய் உடைக்க வேண்டிக்கொண்டார். பார்த்தால் சீசன் நடுவில் பவன் அணியில் இல்லை. ஒழுங்கு காரணம் என்று அணி சொன்னது, அப்படி இல்லை என்று அவர் சொன்னார். உள்ளே என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். அர்ஜுன் கேப்டன் ஆனார். அவர் தனி ஆளாகப் பாயிண்ட் எடுத்துக்கொண்டே இருந்தார், அணி முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. தேங்காய் அப்படியே இருந்து சட்டினிக்குப் போனது.

2017-லிருந்து 2025 வரை எட்டு சீசன். இதில் கோச் எத்தனை தடவை மாறியிருக்கிறார் என்று மேலே எழுதியதை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரே ஆள் போய்த் திரும்பி வந்த கதையும் இருக்கு.

இப்போ ஜெயித்த அணிகளைப் பார்ப்போம். ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு மன்பிரீத் சிங் 2022-ல் கோச்சாக வந்தார். அந்த வருஷம் பிளே ஆஃபுக்கே அவர்கள் போகவில்லை. அவரைத் தூக்கினார்களா? இல்லை. அடுத்த சீசனில் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றார்கள். அப்பவும் தூக்கவில்லை. மூன்றாவது சீசனில், 2024-ல், பாட்னாவை 32-23 என்று அடித்துக் கோப்பை எடுத்தார்கள். இந்த மன்பிரீத் ஆடுகிற காலத்தில் பாட்னா அணிக்கே கேப்டனாக இருந்து 2016-ல் கோப்பை வாங்கியவர் என்பது வேற கதை.

நம்மை 2022 அரையிறுதியில் தோற்கடித்த புனேயும் அப்படித்தான். பி.சி. ரமேஷ் கோச். அந்த வருஷம் இறுதியில் ஜெய்ப்பூரிடம் தோற்றார்கள். அதே கோச், கிட்டத்தட்ட அதே பையன்கள், அடுத்த சீசனில் சாம்பியன். நம்ம பாலியானே ஜெய்ப்பூருக்கு வந்த முதல் சீசனில் ஒன்றும் வாங்கவில்லை, இரண்டாவது சீசனில்தான் கோப்பை. 2025-ல் ஜெயித்த டெல்லிக்கு ஜோகிந்தர் நர்வால் கோச். அவரும் முந்தின வருஷத்திலிருந்தே அங்கே இருந்தவர்தான்.

வந்த முதல் வருஷமே கோப்பை வாங்கியவர்களும் உண்டு, இல்லைன்னு சொல்லவில்லை. இதே ரமேஷ் 2019-ல் பெங்கால் அணிக்கு அப்படி வாங்கிக் கொடுத்தார். ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. வாய்த்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் நாள் ஆகிறது என்று கேட்டால், கபடி ஆடாதவர்களுக்கு அது புரியாது. பிடி என்பது ஒரு ஆள் வேலை இல்லை. ஏழு பேர் நிற்கிறோம். ரெய்டர் உள்ளே வருகிறான், 30 நொடி. கார்னர் ஆள் கணுக்காலுக்குப் பாய்கிற அதே நொடியில் பக்கத்தில் நிற்கிற கவர் ஆள் இடுப்பைக் கட்டணும். அரை நொடி பிந்தினால் இரண்டு பேரும் அவுட். கார்னர் எப்போ பாய்வாள் என்று கவருக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொண்டு பாய முடியுமா? அவள் தோள் அசைவைப் பார்த்தே தெரியணும். அது பழக்கத்தில் வருவது. எங்க அம்மாவும் பெரியம்மாவும் உலக்கை மாற்றி மாற்றிப் போட்டு இடிப்பார்கள், ஒரு தடவைகூட உலக்கை உலக்கை மேல் இடிக்காது. புதுசாக நான் போய் நின்றால் முதல் குத்திலேயே இடிக்கும். அதே மாதிரிதான்.

ஒவ்வொரு கோச்சும் வந்ததும் அவருக்குப் பிடித்த மாதிரி ஆட்களை நிறுத்துவார். ஒருத்தர் "காத்திரு, டூ ஆர் டை ரெய்டு வரட்டும், அப்போ பிடி" என்பார். இன்னொருத்தர் "முதல் ரெய்டிலேயே ஏறிப் பிடி" என்பார். இரண்டும் சரிதான். ஆனால் வருஷத்துக்கு ஒன்றாகக் கேட்டால் அந்தப் பையன்கள் எந்தக் காலை முன்னால் வைப்பார்கள்?

இன்னொன்று, விலை. கோடிக் கணக்கில் கொடுத்து ஒரு ரெய்டரை எடுத்துவிட்டு, அவர் மேலேயே எல்லா பாரத்தையும் ஏற்றுவது. 2022-ல் நம்மைத் தூக்கி நிறுத்தியது கோடிக்கு எடுத்த ஆள் இல்லை, பேரே தெரியாத புதுப் பையன். இதை அணிக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நம்ம ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு ராத்திரி லைட் போட்டு நடக்கிற கபடியில் எத்தனை அண்ணன்கள் ஆடுகிறார்கள்! பகல் முழுக்க ஏலத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு, ஜீப்பில் மலை இறங்கி வந்து, ராத்திரி ரெண்டு மணி வரை ஆடுவார்கள். தமிழ் தலைவாஸ் என்று பேர் வைத்தால் தமிழர்களே ஏழு பேரும் ஆடணும் என்று நான் சொல்லவில்லை, நரேந்தர் ஹரியானாக்காரர், அவருக்காகத்தான் நான் அழுதேன். ஆனால் இந்த மாதிரி அண்ணன்கள் நாலு பேரை எடுத்து மூன்று வருஷம் வைத்துப் பழக்கினால் கோச்சுக்கும் வேலை சுலபம். மணத்தி கணேசன் எங்கேயிருந்து வந்தார்? தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் அவர் இருந்தார், அர்ஜுனா விருதும் வாங்கினார்.

அதனால் என் கருத்து இதுதான். அடுத்த சீசனுக்குப் பழைய கோச்சே இருக்கட்டும், இல்லை வேற ஆள் வரட்டும். யார் வந்தாலும் மூன்று சீசன் அவரை விடணும். முதல் வருஷம் தோற்றால் நாமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கணும். அப்படி விட்டால் நம்ம அணி முதல் நாலுக்குள் வரும் என்று நான் எழுதித் தருகிறேன். வராவிட்டால் இந்தப் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், அப்போ நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பேன், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் வந்து ஒட்டிவிட்டுப் போவேன்.

சரி, இப்போ என் தப்புக்கு வருகிறேன்.

நம்ம பள்ளிக்கூடத்துப் பெண்கள் கபடி அணியில் நான் இரண்டு வருஷமா ரெய்டர். பழைய பி.டி. சார் மாறுதலில் போய்விட்டார்கள். புதுசாக பி.டி. மிஸ் வந்தார்கள். வந்த ஒரே வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "நீ ரெய்டு போக வேண்டாம், லெஃப்ட் கார்னர்ல நில்லு" என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. ரெய்டர் என்றால்தான் எல்லாரும் கை தட்டுவார்கள், கார்னரில் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் இரண்டு மூன்று பேரிடம், "இந்த மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியல, பழைய சார் இருந்தா நல்லா இருக்கும்" என்று நானே சொன்னேன். ஆமாம், நான்தான் ஆரம்பித்து வைத்தது.

குறுவட்டப் போட்டிக்குப் போனோம். இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. எங்களுக்குள்ளேயே சண்டை. திரும்பி வருகிற வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் அணியை விட்டு நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் அம்மா, "தோக்கத்தான போறீங்க, அதுக்கு எதுக்குக் கால்ல மண்ணு" என்று கேட்டார்களாம். "மிஸ்ஸை மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா" என்றுகூட ஒரு பேச்சு வந்தது. நான் பேசிய பேச்சுதான் சுற்றிச் சுற்றி அங்கே வந்து நின்றது. வேப்ப மரத்தடியில் பையன்கள் தமிழ் தலைவாஸ் கோச்சைத் திட்டும்போது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போ புரிந்திருக்கும். அவர்கள் வாயில் என் குரலே கேட்டது.

போன வெள்ளிக்கிழமை பயிற்சியில், காற்றும் புழுதியுமாக இருந்தது. நம்ம ஊர்க் காற்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அக்கா ரெய்டு வந்தார்கள். நான் கார்னரில் நின்றேன். அவர்கள் காலைத் திருப்பிய நொடியில் கணுக்காலைப் பிடித்தேன். பிடித்த அதே நேரத்தில் கவரில் நின்ற என் வகுப்புத் தோழி வந்து இடுப்பைக் கட்டிவிட்டாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மிஸ் விசில் ஊதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "உனக்குக் கை நீளம், பொறுமையும் இருக்கு. முதல் நாளே பாத்தேன். ரெய்டர் அஞ்சு பேர் இருக்கீங்க, கார்னருக்கு யாருமே இல்ல" என்றார்கள். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதே இல்லை, எங்க அம்மா கேட்டால் சிரிப்பார்கள்.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அக்காவைப் பற்றி எல்லாரும் படித்திருப்பீர்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குத் துணைக் கேப்டன். இறுதியில் ஈரானை 75-21 என்று ஜெயித்தார்கள். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. எல்லாரும் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடித்தது வேற. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ராஜி சார் பல வருஷமாக அதே இடத்தில், அதே பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். பதக்கம் வருவதற்கு முன்னாடியும் அங்கேதான் இருந்தார்.

பெண்களுக்கு என்று புரோ கபடிக்காரர்கள் 2016-ல் மூன்றே அணி வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டம் 24-23, ஒரே பாயிண்டில் முடிந்தது. அவ்வளவு நல்லா நடந்ததை ஏன் அதோடு விட்டார்களோ. அதைப் பற்றி அடுத்த மாதம் தனியாக எழுதுகிறேன், இங்கே இடம் பத்தாது, ஏற்கெனவே ஓவியம் வரைய வேண்டிய இடத்தையும் நான் எழுதி முடித்துவிட்டேன்.

பி.டி. மிஸ், நான் பேசியதற்கு மன்னிச்சிருங்க. நேரில் சொல்லப் பயமாக இருந்தது, அதனால் சுவரில் எழுதுகிறேன். நின்றுபோன இரண்டு பேரும் திங்கட்கிழமை வாங்க. ஏழு பேர் இருக்கிறோம், மாற்று ஆள் இல்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அணியே இல்லை. உங்க அம்மாக்களிடம் பேச நான் வீட்டுக்கு வருகிறேன், அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு. அது சின்ன வயதில் சடுகுடு ஆடியதாம், அதைச் சொல்லவே தனியாக ஒரு மணி நேரம் ஆகும்.

மைதானத்தில் கோடு அழிந்து கிடக்கிறது. யார் வீட்டிலாவது வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் ஒரு டப்பா கொண்டுவரவும். திங்கள் சாயங்காலம் நாலரை மணிக்கு.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(லெஃப்ட் கார்னர்)